ஸ்டிஃப்னஸை வெச்சு தார் ரோட்டோட ஃபெட்டீக் ஆயுளைக் கணக்குப் போடுறது எப்படி: படிப்படியா முழு வழிகாட்டி

லேப் ரிப்போர்ட்ல மாடுலஸ் (கலவை எவ்வளவு விறைப்புன்னு சொல்ற நம்பர், அதாவது ஸ்டிஃப்னஸ்) 3000 மெகாபாஸ்கல்னு பார்த்ததும் "நல்ல கெட்டியான மிக்ஸ், ரோடு ரொம்ப நாள் உழைக்கும்"னு முடிவு கட்டிடுறவங்க நிறைய பேர். அதே ஆளுங்க ஃபெட்டீக் ஈக்குவேஷனை, அதாவது திரும்பத் திரும்ப லோடு பட்டுச் சோர்ந்து விரிசல் விடுறதுக்கான ஃபார்முலாவைத் திறந்து பார்த்தா குழம்பிடுவாங்க, ஏன்னா அங்க மாடுலஸ் வகுக்கிற இடத்துல இருக்கு, அது ஏற ஏற ஆயுள் குறையுது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. எந்த ரோட்டுக்கு எது பொருந்தும்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியலன்னா, எக்செல் காட்டுற நம்பரை நம்பி தப்பான மிக்ஸைப் போட்டுடுவோம். அதனால இதுல ஈக்குவேஷனை மட்டும் கொடுத்துட்டு நகராம, ஸ்டிஃப்னஸ் எந்த வழியா ஆயுளைத் தொடுதுங்கிறதையும் சேர்த்தே பார்த்துடலாம்.

கணக்குக்கு எடுத்துக்கிறது நம்ம ஊர் ஹைவே டிசைனுக்குப் பயன்படுற, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட ஐஆர்சி 37, 2018 ரிவிஷன். அங்கங்க அமெரிக்கா, ஷெல் கம்பெனி, ஆஸ்திரேலியா ஈக்குவேஷனையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம், ஒரே ஒரு ஈக்குவேஷனை மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தா அது சொல்றதுதான் இயற்கை விதின்னு தோணிடும்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா. லாரி டயர் ரோடு மேல வந்து நிக்கும்போது தார் லேயர் கீழ்ப்பக்கமா வளையுது, அடிப்பக்கம் இழுபடுது. இந்த இழுவை (ஸ்ட்ரெயின்) ரொம்பச் சின்னது, ஒரு மீட்டருக்கு 150 மைக்ரான் அளவுதான், ஆனா லட்சக்கணக்கான தடவை நடக்குது. கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா அறுந்துடுமே, அந்த மாதிரி. அடியில ஆரம்பிச்ச விரிசல் மெல்ல மேல ஏறி, வீல் பாத்ல (டயர் ஓடுற தடத்துல) முதலை தோல் மாதிரி கட்டம் கட்டமா தெரிய ஆரம்பிக்கும். ஐஆர்சி கணக்குல ரோட்டோட பரப்புல 20 சதவீதம் இப்படி விரிசல் விட்டுட்டா ஃபெட்டீக் ஆயுள் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதாவது ஈக்குவேஷன் கொடுக்கிற நம்பர் முதல் விரிசல் வர்ற நாள் இல்ல, இதை மறந்துட்டு "கணக்குல இவ்ளோ வந்துச்சே, இப்பவே விரிசல் தெரியுதே"ன்னு புலம்புறதுல அர்த்தமே இல்ல.

படி 1: எந்த ஸ்டிஃப்னஸ்னு முடிவு பண்ணுங்க

தார் கலவைக்கு ஒரே ஒரு மாடுலஸ்னு எதுவும் கிடையாது. வெப்பம் ஏறினா இறங்கும், லோடு வேகமா வந்துட்டுப் போனா ஏறும். ஐஆர்சி 37ல கொடுத்திருக்கிற டேபிளைப் பாருங்க: விஜி 40 (கெட்டியான தார் ரகம்) போட்ட பிசி (மேல் தார் லேயர்), டிபிஎம் (அதுக்குக் கீழ இருக்கிற தார் லேயர்) மிக்ஸுக்கு 20 டிகிரில 6000 மெகாபாஸ்கல், 30 டிகிரில 4000, 35ல 3000, 40ல 2000. இருபது டிகிரி வித்தியாசத்துல மூணுல ஒரு பங்கா இறங்கிடுது. விஜி 30க்கு 35 டிகிரில 2000, விஜி 10க்கு 1000. இங்க டிசைனுக்கு எடுத்துக்கிறது 35 டிகிரி மாடுலஸ், ஃபெட்டீக் ஈக்குவேஷன்ல போடுறதும் அதேதான். யாராவது 25 டிகிரில டெஸ்ட் பண்ணி 5000னு ரிப்போர்ட் கொடுத்து அதை அப்படியே போட்டா மொத்தக் கணக்கும் வீண்.

வேகமும் அதே மாதிரிதான். டெஸ்ட்ல லோடை 10 ஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு 10 தடவை) கொடுத்தா அது நல்ல வேகத்துல ஓடுற வண்டி மாதிரி. டோல் கேட்ல, சிக்னல்ல, ஏத்தத்துல லாரி ஊர்ந்து போற இடத்துல லோடு தார் மேல அதிக நேரம் நிக்குது, மாடுலஸ் இறங்கிடும். மெயின் ரோட்டுக்குப் போட்ட கணக்கை அப்படியே டோல் பிளாசாவுக்கும் ஒட்டிடக்கூடாது.

இன்னொரு விஷயம், பேர். ரெசிலியன்ட் மாடுலஸ், டைனமிக் மாடுலஸ், பீம் டெஸ்ட்ல வர்ற ஃப்ளெக்சுரல் ஸ்டிஃப்னஸ், இந்த மூணும் ஒரே மிக்ஸுக்கு ஒரே நம்பரைத் தராது. எந்த ஈக்குவேஷனோ அது எந்த மாடுலஸை வெச்சுச் செஞ்சதோ அதையே போடணும். ஐஆர்சி ஈக்குவேஷனுக்கு ரெசிலியன்ட் மாடுலஸ்.

படி 2: மாடுலஸை அளக்குறது

டெஸ்ட் வெளில இருந்து பார்க்க ரொம்ப சிம்பிள். மார்ஷல் சாம்பிளை (லேப்ல இடிச்சுச் செஞ்ச உருளைத் துண்டு) படுக்க வெச்சு, மேல இருந்து குறுக்கா ஒரு பல்ஸ் லோடு: 0.1 செகண்ட் அழுத்தம், 0.9 செகண்ட் ஓய்வு. பக்கவாட்டுல சாம்பிள் எவ்வளவு விரியுதுன்னு எல்விடிடி (நுண்ணிய அசைவை அளக்கிற சென்சார்) அளக்கும். மாடுலஸ் = லோடு × (பாய்சான் விகிதம் + 0.27) ÷ (தடிமன் × பக்கவாட்டு விரிவு). பாய்சான் விகிதம்னா ஒரு பக்கம் அமுக்கினா பக்கவாட்டுல எவ்வளவு விரியும்ங்கிற விகிதம். பழைய அமெரிக்க ஸ்டாண்டர்டான ஏஎஸ்டிஎம் டி 4123 ஃபார்முலா இது. அந்த ஸ்டாண்டர்டை 2003ல வாபஸ் வாங்கிட்டாங்க, இப்ப இருக்கிறது டி 7369, ஆனா கையில போட்டுப் பார்த்துச் சரிபார்க்க பழைய ஃபார்முலா இப்பவும் உதவும்.

நம்பர் போட்டுப் பாருங்க. லோடு 1000 நியூட்டன், தடிமன் 63.5 மிமீ, பாய்சான் விகிதம் 0.35. மாடுலஸ் 2000 வரணும்னா விரிவு எவ்வளவு இருக்கணும்? 0.62 × 1000 ÷ (63.5 × 2000) = 0.0049 மிமீ. அஞ்சு மைக்ரான்கூட முழுசா இல்ல! அப்போ எல்விடிடி ஒரு மைக்ரான் தப்பா காட்டினா மாடுலஸ் 20 சதவீதம் போல தப்பா வரும். கிளாம்ப் கொஞ்சம் லூஸா இருந்தா போதும், சாம்பிள் சேம்பர்ல 35 டிகிரிக்கு வராம வெளிப்பக்கம் மட்டும் சூடாகி இருந்தா போதும், நடு டெஸ்ட்ல கதவைத் திறந்து மூடினா போதும். அதனால சாம்பிளை 90 டிகிரி திருப்பி வெச்சு மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க, ரெண்டு திசையும் ரொம்ப விலகினா அந்த சாம்பிளைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுங்க. லோடும் அதிகமா கொடுக்கக்கூடாது, அந்த வெப்பத்துல சாம்பிளோட இழுவிசை பலத்துல 10லருந்து 20 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கணும், இல்லன்னா டெஸ்டே சாம்பிளைக் கெடுத்துடும்.

லேப்ல வந்த நம்பர் ஐஆர்சி டேபிளை விட அதிகமா இருந்தா என்ன பண்றது? என்னைக் கேட்டா ரெண்டுல எது குறைவோ அதுதான். ஒரு ரிப்போர்ட்ல எல்லா சாம்பிளுக்கும் சொல்லி வெச்சது மாதிரி 3000, 3010, 2995னு வந்திருந்தா முதல்ல ரா டேட்டாவைக் கேளுங்க, அஞ்சு மைக்ரானை அளக்கிற டெஸ்ட் அவ்வளவு ஒழுங்கா வர்றதில்ல.

படி 3: ஏர் வாய்ட்ஸ், தார் அளவு, அந்த சி ஃபேக்டர்

இந்தப் படியைத்தான் நிறைய பேர் அவசரத்துல தாண்டிடுறாங்க. ஐஆர்சி ஈக்குவேஷன்ல சி-ன்னு ஒரு பெருக்கல் எண் இருக்கு. சி = 10 பவர் எம். எம் = 4.84 × [எஃபெக்டிவ் தார் கன அளவு ÷ (ஏர் வாய்ட்ஸ் + எஃபெக்டிவ் தார் கன அளவு) − 0.69].

ஏர் வாய்ட்ஸ்னா கலவைக்குள்ள இருக்கிற காத்து இடைவெளி, எஃபெக்டிவ் தார்னா ஜல்லி உறிஞ்சினது போக மிச்சம் இருக்கிற தார். அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற அந்த விகிதத்தைக் கவனிச்சீங்களா? ஏர் வாய்ட்ஸும் எஃபெக்டிவ் தாரும் சேர்ந்தா அது விஎம்ஏ (ஜல்லிக்கு நடுவுல இருக்கிற மொத்த இடைவெளி). தாரை விஎம்ஏ-வால வகுத்தா அது விஎஃப்பி (அந்த இடைவெளியில தார் நிரப்பின பங்கு). மிக்ஸ் டிசைன் ஷீட்ல ஏற்கனவே அந்த நம்பர் இருக்கு, தனியா எதுவும் தேட வேண்டாம். விஎஃப்பி 69 சதவீதம்னா சி சரியா 1. எங்கிருந்து இந்த 69 வந்துச்சுன்னா, மூல ஈக்குவேஷனுக்கு ஆதாரமா இருந்த மிக்ஸ்ல ஏர் வாய்ட்ஸ் 5 சதவீதம், தார் 11 சதவீதம் கன அளவு, அதோட விகிதம் கிட்டத்தட்ட அதுதான்.

டிபிஎம்முக்கு நம்ம ஸ்பெசிஃபிகேஷன் விஎஃப்பி 65லருந்து 75 வரைன்னு சொல்லுது. 65ல சி 0.64, 75ல சி 1.95. அதே ஸ்பெக்குக்குள்ளயே, பாஸ் ஆன ரெண்டு மிக்ஸுக்கு நடுவுல ஆயுள்ல மூணு மடங்கு வித்தியாசம்! ஐஆர்சி பாணில அடி லேயருக்குத் தார் கொஞ்சம் தாராளமா விட்டு ஏர் வாய்ட்ஸ் 3.5, எஃபெக்டிவ் தார் 11.5 வெச்சா விஎஃப்பி 76.7, சி 2.35 வருது.

ஒரு எச்சரிக்கை. இந்த நம்பர்கள் அடில இருக்கிற தார் லேயரோடது, அதாவது டிபிஎம்மோடது. மேல இருக்கிற பிசி-யோட வால்யூமெட்ரிக்ஸை எடுத்துப் போட்டுட்டு, ஏன் ஆயுள் இவ்ளோ நல்லா வருதுன்னு சந்தோஷப்படக்கூடாது.

படி 4: ஸ்ட்ரெயின் எடுக்கிறது

இங்கதான் ஸ்டிஃப்னஸ் ரெண்டாவது தடவை உள்ள வருது, அதுவும் சத்தமில்லாம.

ஐஐடி காரக்பூர் செஞ்ச ஐஐடிபேவ் சாஃப்ட்வேர்தான் வழக்கம். ஒவ்வொரு லேயருக்கும் மாடுலஸ், பாய்சான் விகிதம், தடிமன் கொடுக்கணும். சப்கிரேட் (ரோட்டுக்கு அடியில இருக்கிற மண்) சிபிஆர் (மண்ணோட தாங்கும் பலத்தைச் சொல்ற எண்) 5க்கு மேலன்னா மாடுலஸ் = 17.6 × சிபிஆர் பவர் 0.64. சிபிஆர் 8க்கு 66.6 மெகாபாஸ்கல் வருது. ஜல்லி லேயர்களை, அதாவது ஜிஎஸ்பி, டபிள்யூஎம்எம் ரெண்டையும் சேர்த்து ஒண்ணா எடுத்து, 0.2 × தடிமன் பவர் 0.45 × சப்கிரேட் மாடுலஸ். தடிமன் 450 மிமீ-ன்னா 208 மெகாபாஸ்கல். ஜல்லியோட மாடுலஸ் தனக்குன்னு நிக்கிறதில்ல, கீழ மண் எவ்வளவு தாங்குதோ அதைப் பொறுத்துதான்.

லோடு: ஒரு வீலுக்கு 20,000 நியூட்டன், டயர் பிரஷர் 0.56 மெகாபாஸ்கல், டூயல் வீல், ரெண்டு வீலுக்கும் நடுவுல மையத்துல இருந்து மையம் 310 மிமீ. பாயிண்ட் எங்க எடுக்கணும்னா தார் லேயரோட அடி ஆழத்துல, ஒரு வீலுக்கு நேர் கீழ ஒண்ணு, ரெண்டு வீலுக்கும் நடுவுல 155 மிமீ-ல ஒண்ணு. அவுட்புட்ல அந்த ஆழத்துக்கு ரெண்டு வரி வரும், ஒண்ணு மேல் லேயருக்கு, இன்னொண்ணு பக்கத்துல எல்-னு ஒட்டிக்கிட்டு கீழ் லேயருக்கு. நமக்கு வேணும்ங்கிறது எல் இல்லாத வரி. அதுல டேன்ஜென்ஷியல், ரேடியல் ரெண்டு ஸ்ட்ரெயின்ல எது பெருசோ அது, ரெண்டு பாயிண்ட்லயும் பார்த்து மொத்தத்துல பெருசு எதுவோ அது. 

படி 5: ஈக்குவேஷன்

90 சதவீத ரிலையபிலிட்டிக்கு (கணக்குல வந்த ஆயுளை ரோடு எட்டும்ங்கிறதுக்கான நம்பகத்தன்மை):

ஆயுள் = 0.5161 × சி × 10⁻⁴ × (1 ÷ ஸ்ட்ரெயின்) பவர் 3.89 × (1 ÷ மாடுலஸ்) பவர் 0.854

80 சதவீதத்துக்கு முன்னாடி இருக்கிற 0.5161 மட்டும் 1.6064 ஆகும். நேஷனல் ஹைவே, ஸ்டேட் ஹைவே, எக்ஸ்பிரஸ்வே, நகர ரோடு எல்லாத்துக்கும் 90தான், மத்த ரோட்டுக்கு டிராஃபிக் 20 எம்எஸ்ஏ (ஒரு எம்எஸ்ஏ-ன்னா 10 லட்சம் ஸ்டாண்டர்ட் ஆக்சில், ஆக்சில் 80 கிலோநியூட்டன்) தொட்டாலும் 90தான். ரெண்டுக்கும் நடுவுல மூணு மடங்கு வித்தியாசம், அதனால எந்த ரிலையபிலிட்டின்னு சொல்லாம "ஆயுள் இவ்வளவு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உதாரணம்: ஐஐடிபேவ்ல ஸ்ட்ரெயின் 150 மைக்ரோ வந்துச்சுன்னு வெச்சுக்குவோம், அதாவது 0.000150. மாடுலஸ் 3000, சி 2.35. லாக் போட்டுச் செஞ்சா கையிலயே முடிஞ்சிடும்:

முன் எண்ணோட லாக் −4.287
சி-யோட லாக் 0.371
ஸ்ட்ரெயின்: 3.8239 × 3.89 = 14.875
மாடுலஸ்: 3.4771 × 0.854 = 2.969, இதைக் கழிக்கணும்

கூட்டினா 7.99. ஆன்டிலாக் எடுத்தா 9.76 கோடி, அதாவது 97.6 எம்எஸ்ஏ.

இப்ப இதையே கொஞ்சம் ஆட்டிப் பாருங்க. மிக்ஸ் மட்டும் மாறி ஏர் வாய்ட்ஸ் 5, தார் 11 ஆனா ஆயுள் 40 எம்எஸ்ஏ. சைட்ல ரோலர் சரியா ஓட்டாம ஏர் வாய்ட்ஸ் 7ல நின்னுடுச்சுன்னா, தார் எடை மாறாது, கன அளவு மட்டும் 11.1 போல ஆகும், சி 0.42க்கு இறங்கி ஆயுள் 17.6 எம்எஸ்ஏ. 97ல இருந்து 17! இத்தனைக்கும் மாடுலஸையும் ஸ்ட்ரெயினையும் நான் தொடவே இல்ல, நிஜத்துல காத்து அதிகமான மிக்ஸோட மாடுலஸும் இறங்கி ஸ்ட்ரெயினும் ஏறும். டிசைன் ஆபீஸ்ல தடிமன்ல 10 மிமீ கூட்டவா குறைக்கவான்னு மணிக்கணக்கா வாதம் பண்ணிட்டு, சைட்ல கோர் (ரோட்டைத் துளைச்சு எடுக்கிற துண்டு) எடுத்து டென்சிட்டி பார்க்கிறதை யாரோ ஜூனியர் தலையில கட்டிட்டுப் போறது எனக்குப் புரியாத விஷயம்.

ஸ்ட்ரெயின் 10 சதவீதம் ஏறினா? 1.1 பவர் 3.89 = 1.45. ஆயுள் 67க்கு இறங்கிடும்.

படி 6: ஸ்டிஃப்னஸ் ஏறினா நல்லதா கெட்டதா, இதுதான் முக்கியமான கணக்கு

மாடுலஸை மட்டும் 3000லருந்து 2000க்கு மாத்தி, ஸ்ட்ரெயினை 150லயே விட்டா ஈக்குவேஷன் 138 எம்எஸ்ஏ-ன்னு காட்டும். இதைப் பார்த்துட்டு மென்மையான தார்தான் நல்லதுன்னு முடிவு எடுக்கிறவங்க மறந்துட்டது என்னன்னா, அந்த ஸ்ட்ரெயின் 3000 போட்டு வந்த ஸ்ட்ரெயின். 2000 போட்டு ஐஐடிபேவை மறுபடி ஓட்டணும். தடிமனான லேயர்ல ஸ்ட்ரெயின் 185 ஆச்சுன்னு வைங்க, அப்போ ஆயுள் 61 எம்எஸ்ஏ. கெட்டி மிக்ஸ் ஜெயிச்சிடுச்சு. ஒருவேளை ஸ்ட்ரெயின் 160க்குத்தான் ஏறுச்சுன்னா? 107 எம்எஸ்ஏ, மென்மையான மிக்ஸ் ஜெயிச்சிடுச்சு.

அப்போ எல்லைக்கோடு எங்க? சுலபம். மாடுலஸ் மேல இருக்கிற பவரை ஸ்ட்ரெயின் மேல இருக்கிற பவரால வகுங்க. ஐஆர்சி-க்கு 0.854 ÷ 3.89 = 0.22. மாடுலஸ் எத்தனை மடங்கு ஏறுதோ அதோட 0.22 பவருக்கு மேல ஸ்ட்ரெயின் இறங்கினாத்தான் கெட்டி மிக்ஸால லாபம். 2000லருந்து 3000ன்னா 1.5 மடங்கு, அதுக்கு ஸ்ட்ரெயின் குறைஞ்சது 8.5 சதவீதம் இறங்கணும்.

இதே கணக்கை மத்த ஈக்குவேஷன்களுக்கும் போட்டா சுவாரசியமா இருக்கு. அமெரிக்காவோட எம்இபிடிஜி டிசைன் வழிகாட்டில ஸ்ட்ரெயின் பவர் 3.9492, மாடுலஸ் பவர் 1.281, தேவைப்படுற இறக்கம் 12 சதவீதம். ஆஸ்திரேலியாவோட ஆஸ்ட்ரோட்ஸ்ல பவர் 5 ஸ்ட்ரெயினுக்கு, 1.8 மாடுலஸுக்கு, 13.6 சதவீதம். ஷெல் ஈக்குவேஷன்ல 5.671, 2.363, தேவை 15.5 சதவீதம். அதாவது கெட்டி மிக்ஸ் மேல ஐஆர்சி-க்குத்தான் இருக்கிறதுலயே அதிக பாசம். ஸ்ட்ரெயின் 10 சதவீதம் இறங்குற டிசைன்ல ஐஆர்சி "கெட்டி மிக்ஸ் போடு"ன்னும் ஷெல் "வேண்டாம்"னும் சொல்லும். முடிவு எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துல இருந்தா ரெண்டு மூணு ஈக்குவேஷன்ல ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

இந்த ரெண்டு பக்க நியாயத்துக்கும் லேப்ல பேர் உண்டு, கன்ட்ரோல்ட் ஸ்ட்ரெஸ், கன்ட்ரோல்ட் ஸ்ட்ரெயின். தடிமனான தார் லேயர் (கன்ட்ரோல்ட் ஸ்ட்ரெஸ்) லோடைத் தானே சுமக்குது, அதனால கெட்டியா இருந்தா இழுவை குறையும், ஆயுள் கூடும். 50 மிமீ மாதிரி மெல்லிசான லேயர் (கன்ட்ரோல்ட் ஸ்ட்ரெயின்) சுமக்கிறதில்ல, கீழ இருக்கிற ஜல்லி எவ்வளவு அமுங்குதோ அவ்வளவு கூடவே வளைஞ்சு கொடுத்தாகணும். அங்க விஜி 40 போட்டு விறைப்பா வெச்சா வளைய முடியாம வெடிக்கும். பஞ்சாயத்து ரோட்டுக்கும் நேஷனல் ஹைவேக்கும் ஒரே தாரைப் பரிந்துரைக்கிறது இதனாலதான் தப்பு.

படி 7: உங்க மிக்ஸுக்கே சொந்தமா ஈக்குவேஷன் வேணும்னா

பிளாஸ்டிக் கலந்தது, ரப்பர் கலந்தது, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துக் கலந்ததுன்னு புது மிக்ஸுக்கெல்லாம் மேல சொன்ன ஈக்குவேஷன் பொருந்தும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அது அடிப்படையில மாடிஃபை பண்ணாத சாதா தார்ல, 1958லருந்து 1960 வரைக்கும் இல்லினாய்ல நடந்த ஆஷோ ரோட் டெஸ்டோட ஒப்பிட்டுப் பொருத்தின அமெரிக்க ஆஸ்ஃபால்ட் இன்ஸ்டிடியூட் ஈக்குவேஷன் வழியா வந்து, நம்ம ஊர் ரோடுகளோட டேட்டாவை வெச்சு முன் எண்ணும் ஸ்ட்ரெயின் பவரும் மாத்தப்பட்டது. மாடுலஸ் பவர் 0.854 அப்படியே அங்கிருந்து வந்ததுதான்.

சொந்த ஈக்குவேஷனுக்கு ஃபோர் பாயிண்ட் பெண்டிங் பீம் டெஸ்ட். ரோலர் காம்பேக்டர்ல ஸ்லாப் போட்டு 380 மிமீ நீளம், 63 மிமீ அகலம், 50 மிமீ உயரத்துக்கு அறுத்து எடுங்க. அறுத்த பிறகு ஒவ்வொரு பீமோட ஏர் வாய்ட்ஸையும் அளங்க, ஸ்லாப்போட ஓரத்து பீம் எப்பவும் காத்து அதிகமா இருக்கும், அதை ஒதுக்கிடுங்க. வழக்கமா 20 டிகிரி, 10 ஹெர்ட்ஸ். 35ல ஏன் பண்றதில்லன்னா, அந்தச் சூட்டுல பீம் விரிசல் விடுறதுக்கு முன்னாடி தன் எடைக்கே தொய்ய ஆரம்பிச்சிடும். ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் மூணு ஸ்ட்ரெயின் லெவல், லெவலுக்கு ஆறு பீம்னு கேக்குது. 10 லட்சம் சைக்கிள் போகிற பீம் ஒண்ணுக்கே 10 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 28 மணி நேரம் ஆகும், கரண்ட் போனா முதல்ல இருந்து. அதனால யூபிஎஸ் இல்லாத லேப்ல சின்ன ஸ்ட்ரெயின் டெஸ்ட் ஆரம்பிக்காதீங்க.

ஸ்டிஃப்னஸ் கர்வைப் பாருங்க: ஆரம்பத்துல சட்டுனு ஒரு சரிவு, அது பெரும்பாலும் பீம் சூடாகுறதால வர்றது, உண்மையான சேதம் இல்ல. அப்புறம் ரொம்ப நேரம் நிதானமான இறக்கம். கடைசில மறுபடி சரேல்னு விழும். பழைய முறைல 50வது சைக்கிள் ஸ்டிஃப்னஸ்ல பாதியா குறையுற சைக்கிளை ஆயுள்னு எடுப்பாங்க. மாடிஃபைட் தார்ல இது ஏமாத்தும், பாதி குறைஞ்சும் பீம் விரிசலே விடாம ஓடிட்டு இருக்கும். அதுக்குப் பதிலா ஸ்டிஃப்னஸ் × சைக்கிள் எண்ணைப் பிளாட் பண்ணி அது உச்சத்தைத் தொட்டு இறங்குற இடத்தை எடுங்க, நான் இதைத்தான் நம்புவேன்.

பிறகு எக்செல்ல மூணு காலம்: ஆயுளோட லாக், ஸ்ட்ரெயினோட லாக், ஆரம்ப ஸ்டிஃப்னஸோட லாக். லின்எஸ்ட் (டேட்டாவுக்குக் கோடு பொருத்துற எக்செல் ஃபங்ஷன்) போட்டா பவர் ரெண்டும் வந்துடும். ஒரே மிக்ஸ்ல, ஒரே லெவல்ல ஒரு பீம் இன்னொண்ணை விட ரெண்டு மடங்கு ஓடுறது சாதாரணம், அதனால லாக்ல சராசரி எடுங்க, நேரடி சராசரி எடுத்தா ஒரு நல்ல பீம் மொத்தத்தையும் மேல தூக்கிடும். அதோட ஒரே மிக்ஸ், ஒரே வெப்பத்துல மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு ஸ்டிஃப்னஸ் பவரைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லாதீங்க, ஸ்டிஃப்னஸ் மாறவே இல்லாத டேட்டால அந்த பவர் வெறும் இரைச்சல். வெப்பம் இல்ல தார் ரகத்தை மாத்தி ஸ்டிஃப்னஸ்ல குறைஞ்சது ரெண்டு மூணு மடங்கு விரிவு இருக்கணும்.

லேப்ல வந்த சைக்கிளை அப்படியே ரோட்டு ஆயுளா எழுதிடவும் கூடாது. ரோட்ல லாரிக்கும் லாரிக்கும் நடுவுல ஓய்வு உண்டு, தார் சின்னச் சின்ன விரிசலைத் தானே மூடிக்கும், எல்லா டயரும் ஒரே கோட்டுல ஓடுறதும் இல்ல. அதனால ஷிஃப்ட் ஃபேக்டர் வேணும். ஆஸ்ஃபால்ட் இன்ஸ்டிடியூட் 1982ல போட்டது 18.4. இது உங்க மிக்ஸுக்கும் அதேதான்னு கண்ணை மூடிட்டுப் பெருக்காதீங்க. சாதா மிக்ஸ் ஒண்ணையும் அதே மெஷின்ல ஓட்டி, ரெண்டையும் ஒப்பிட்டு எத்தனை மடங்குன்னு சொல்றதுதான் நேர்மையான பதில். இன்னொண்ணு, இந்த ஆஸ்ஃபால்ட் இன்ஸ்டிடியூட் ஈக்குவேஷன்ல மாடுலஸ் பிஎஸ்ஐ-ல இருக்கும். அதுல மெகாபாஸ்கல்ல போட்டா 145 பவர் 0.854, அதாவது 70 மடங்கு ஆயுள் கூடுதலா வரும். ரிசல்ட் நம்ப முடியாத அளவு நல்லா வந்தா முதல்ல யூனிட்டைப் பாருங்க.

படி 8: ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற ரோடு

இங்க சாம்பிள் எடுத்து மாடுலஸ் பார்க்கிறதை விட எஃப்டபிள்யூடி வண்டியை ஓட்டி, எடையைப் போட்டு, ரோடு எவ்வளவு அமுங்குதுன்னு அளந்து, அதுல இருந்து மாடுலஸைத் திருப்பிக் கணக்குப் போட்டு எடுக்கிறதுதான் (பேக்கால்குலேட்) முறை. ஐஆர்சி 115, 2014 இதுக்கானது. கிடைக்கிற மாடுலஸ் அன்னிக்கு இருந்த ரோட்டு வெப்பத்துக்கானது, 35க்கு மாத்தணும். பெருக்க வேண்டிய எண் = (1 − 0.238 × 35ஓட இயல் லாக்) ÷ (1 − 0.238 × டெஸ்ட் வெப்பத்தோட இயல் லாக்). 30 டிகிரில 1800 வந்திருந்தா 0.8075ஆல பெருக்கி 1450. ஐஆர்சி 37 டேபிள்ல விஜி 30க்கு 30 டிகிரில 2500, 35ல 2000, விகிதம் 0.8, ரெண்டும் ஒத்துப் போகுது பாருங்க. வெப்பத்தை ரோட்டுல ஒரு துளை போட்டு உள்ள அளங்க. மேற்பரப்புல இன்ஃப்ராரெட் கன் காட்டினா மதிய வெயில்ல எங்கயோ போய் நிக்கும்.

பழைய ரோட்ல ஒரு வில்லங்கம் உண்டு. தார் வயசானா இறுகிடும், மாடுலஸ் ஏறும். அதே ரோட்டுல அடில விரிசல் விழுந்திருந்தா மாடுலஸ் இறங்கும். ரெண்டும் சேர்ந்து, பேக்கால்குலேட் பண்ணா 2000னு புது ரோடு மாதிரியே ஒரு நம்பர் வரலாம். அதை ஈக்குவேஷன்ல போட்டு இன்னும் இத்தனை எம்எஸ்ஏ பாக்கின்னு எழுதுறதுக்கு முன்னாடி வீல் பாத்ல ஒரு கோர், ரெண்டு வீல் பாத்துக்கும் நடுவுல ஒரு கோர் எடுத்து ஓரமா வெச்சுப் பாருங்க. வீல் பாத் கோர் அடில பிளந்து, மத்தது முழுசா இருந்தா கதை தெரிஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு. டிராஃபிக் 300 எம்எஸ்ஏ-க்கு மேல போகிற ரோட்டுக்கு இந்த ஈக்குவேஷனை இழுத்து நீட்ட வேண்டாம். அங்க ஐஆர்சி தார் லேயர் அடில ஸ்ட்ரெயின் 80 மைக்ரோ, சப்கிரேட் மேல 200 மைக்ரோ, இதுக்குள்ள வெச்சுக்கோன்னு சொல்லுது. ஸ்ட்ரெயின் அந்த அளவுக்குக் கீழ போயிட்டா அடில இருந்து விரிசல் கிளம்பாதுன்னு கணக்கு. அப்புறம் பாக்கி இருக்கிறது மேல இருந்து கீழ இறங்குற விரிசல், அதுக்கு இந்த ஈக்குவேஷன் எதுவும் சொல்லாது.